பேசஞ்சர் அக்கா

நேரில் அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் பேசஞ்சர். பிரபு வைத்த பெயர் அது. விழுப்புரத்திலிருந்து கிளம்பும் பேசஞ்சர் ரயில், வழியில் எல்லா ஊரிலும் நின்று, பின்னால் வருகிற எல்லா வண்டிக்கும் வழிவிட்டு, ஒருவழியாகத் திண்டிவனம் வந்து சேரும். அக்காவும் அப்படித்தான் என்றான். சிரிக்கக்கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டோம். பெயர் ஒட்டிக்கொண்டது.

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது வேலை பார்த்தோம். நான் முன்னால் மேசையில் உட்கார்ந்து பெயர் பதிவேன். பிரபுவுக்கு உள்ளே மெஷின்கள். ஜான்சி ரிப்போர்ட் டைப் அடிப்பாள். ரத்தம் எடுப்பது அக்கா. காணையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறி வருவார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, எப்போதும் வெளிர் நிறத்தில் ஒரு காட்டன் புடவை.

ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பசி தாங்காது. முகம் சிடுசிடுவென்று இருக்கும். அக்கா அவசரப்பட மாட்டார். கை கழுவுவார். உறை மாட்டுவார். நோயாளியின் முழங்கை மடிப்பில் விரலை வைத்து, கண்ணை மூடினாற்போல நின்றுகொண்டிருப்பார். அப்படி நிற்பதுதான் எல்லாருக்கும் பொறுக்காது. இந்தக் கை, அந்தக் கை, மறுபடி இந்தக் கை. கடைசியில் ஊசி இறங்குகிறபோது வலித்தது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அதற்குள் வெளியே நான் பத்துப் பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் ஒரு பெரிய மனிதர் கத்திவிட்டார். "இன்னாம்மா, கோலமா போடுற? குத்தி எடுத்துட்டு அனுப்பும்மா, ஜல்தி." அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, பயந்த மாதிரியும் தெரியவில்லை. அவர் கத்தி ஓய்கிற வரைக்கும் நின்றார். பிறகு முதலில் இருந்து ஆரம்பித்தார், கை கழுவுவதிலிருந்து.

"எப்படிக்கா உங்களால முடியுது?" என்று டீ குடிக்கும்போது கேட்டேன்.

"எது?"

"அந்தாளு அப்பிடிக் கத்துறாரு. நானா இருந்தா ஓடியிருப்பேன்."

அக்கா டீயைப் பார்த்தார். அவருடைய டீயில் எப்போதும் ஆடை படிந்திருக்கும். சூடாக அவர் குடித்து நான் பார்த்ததில்லை. "முடியுதோ இல்லையோ, நிக்கிறேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை.

அவரோடு எங்காவது போவது பெரிய பேஜாரு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக ஒரு வண்டி வந்தால் ஏற மாட்டார். "அடுத்தது வரட்டும்" என்பார். அடுத்ததிலும் கூட்டம் இருக்கும். ஒருமுறை வானூரில் ஜான்சியின் அண்ணன் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மிச்சமிருந்த சாம்பார் சோற்றை ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், மகளுக்குக் காது குத்தியபோது. இரண்டு வீடு ஒட்டியிருந்தது. நடுவில் பூசாத செங்கல் சுவர். பக்கத்து வீடு அவருடைய அண்ணன் வீடு. கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? குழந்தை வேறு யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் எங்களைக் கடந்து டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். தலையைத் திருப்பவில்லை.

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் எனக்குச் சொன்னாள். அக்காவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தாராம். ஆட்டோ வாசலில் வந்து நின்றும் கிளம்ப நேரமாக்கிவிட்டாராம். துணி மடித்தாராம், வீட்டைப் பூட்டினாராம். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே உயிர் போய்விட்டது. அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "நீ நிதானமா வா. அப்பாதான் போயிட்டாரே." அதோடு பேச்சு நின்றது. சுவர் எழும்பியது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்தப் பெண் சொன்னதே மனதில் ஓடியது. அப்பன் மூச்சுக்குத் திணறும்போது துணி மடிக்கிற ஒருத்தியா இவர் என்று தோன்றியது. அதன்பிறகு அவர் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு அப்படி நிற்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் முதலாளி அம்மாவை மேடம் என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேன் பிடித்து எங்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனார். திண்டிவனத்திலிருந்து பக்கம்தான். பக்கத்தில் இருக்கிறதாலேயே நான் போனதில்லை. மேடத்துக்கு முழங்கால் வலி. கீழே கல்யாண மகாலுக்கு எதிரில் புல்தரையில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க. சாப்பாடு நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பிரபு, ஜான்சி, நான், அக்கா நாலு பேரும் ராஜகிரி ஏறினோம். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று பிரபு துரத்தினான். படிகள் சில இடத்தில் முழங்கால் உயரம். குரங்குகள் பையைப் பிடுங்கப் பார்த்தன. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், நடுவில் ஒரு பாலம். அதில் நின்று கீழே பார்த்ததும் ஜான்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா எங்களுக்கு ரொம்பப் பின்னால், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறிவந்துகொண்டிருந்தார்.

"நாம எறங்கும்போது எதிர்ல வருவாங்க பாரு" என்றான் பிரபு.

உச்சியில் ஒரு பழைய மண்டபம். உள்ளே குறுகலான படி வழியாக அதன் மொட்டை மாடிக்குப் போகலாம். மாடியில் எங்களைத் தவிர ஒரு புதுமண ஜோடியும், அந்தப் பெண்ணின் அப்பாவும் இருந்தார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் என்றார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிரில் கிருஷ்ணகிரி மலை, கீழே குளம், சுற்றிலும் சதுரம் சதுரமாக வயல். திண்டிவனம் ரோட்டில் பஸ் எறும்பு மாதிரி போனது. காற்று காதை அடைத்தது. ஏறி வந்த களைப்பு போன இடம் தெரியவில்லை.

பிரபு பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். கல்யாண போட்டோக்களில் கலர் கலராகப் புகை விடுவார்களே, அது. ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம். ஜான்சி கையில் போனைக் கொடுத்தான். குச்சியின் முனையைத் திருகி இழுத்ததும் ஆரஞ்சுப் புகை குபுகுபுவென்று வந்தது. மாடி விளிம்பில் நின்று கையை விரித்தான். காற்று புகையைக் கீழே தள்ளி, சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு போனது.

அப்போதுதான் அக்கா படியேறி மேலே வந்தார். மூச்சு வாங்கியது. "பிரபு, அத அணைச்சுடு" என்றார். "கீழ சொவத்துல தேன்கூடு இருக்குது. மொறம் மாதிரி பெருசு. வரும்போது பாத்தேன்."

"வந்துட்டீங்களாக்கா. வீடியோ ஓடிக்கினு இருக்குது, ஒரு நிமிஷம்."

"அணைச்சுடு தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே புகையை அவர் பக்கம் ஆட்டினான். அது அப்படியெல்லாம் அணைக்க வருகிற சாமானும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழே ஏதோ லாரி பாரத்தோடு மேடு ஏறுகிற மாதிரி. இங்கே ஏது லாரி என்று நினைப்பதற்குள் விளிம்புக்கு அந்தப் பக்கமிருந்து கறுப்பாக எழும்பியது. மலைத்தேனீ. ஜான்சி போனைப் போட்டுவிட்டுக் கத்தினாள். என் நெற்றியில் ஒன்று கொட்டியது. தீக்குச்சியை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது.

"கைய வீசாதீங்க. துப்பட்டாவ மூஞ்சி மேல போட்டுக்குங்க. படியில எறங்குங்க, ஒருத்தர் பின்னால ஒருத்தர்" என்றார் அக்கா. குரல் அதே குரல். கை கழுவிட்டு வர்றேன் என்று சொல்கிற குரல்.

அந்தக் குறுகல் படியில் எல்லாரும் ஒன்றாக ஓடியிருந்தால் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்திருப்போம். அக்கா படி முகப்பில் நின்றுகொண்டு முதலில் புதுப்பெண்ணை விட்டார். அப்புறம் ஜான்சி, அவளுக்குப் பின் நான். அந்தப் பெரியவரும் அவர் மருமகனும் இறங்கிய பின் கடைசியாகத் தானும் இறங்கினார். மண்டபத்துக்கு உள்ளே ஜன்னலில்லாத ஓர் அறை இருந்தது. வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. இருட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தோம். பிரபு வரவில்லை.

அவன் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு மாடியின் மறுபக்கம் ஓடி, தாழ்வான சுவர் வழியாகப் பாறை மேல் குதித்திருக்கிறான். வாசல் வழியாகப் பார்த்தால் தெரிந்தது. கால் பிசகி விழுந்துகிடந்தான். இரண்டு கையாலும் காற்றை அடித்தான். அடிக்க அடிக்க அவை அதிகமாக வந்தன. "அக்கா" என்று கத்தினான். பேசஞ்சர் என்று கூப்பிட்ட அதே வாய்.

"யாரும் வெளிய போவாதீங்க" என்றார் பெரியவர். "போனா போன ஆளும் காலி."

அக்கா வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நிற்பாரே, அப்படி. எனக்கு அவருடைய அப்பாவின் ஞாபகம் வந்தது. இப்போதும் இப்படியே நின்றுவிடப் போகிறார், அவன் நம் கண் முன்னால் சாகப் போகிறான் என்று நினைத்தேன். எழுந்து போய் அவரை உலுக்கினேன். "அக்கா, ஏதாவது பண்ணுங்கக்கா."

அவர் என் துப்பட்டாவை உருவி எடுத்தார். புடவை முந்தானையைத் தலையில் போட்டு முகத்தைச் சுற்றினார். வெளியே இறங்கி நடந்தார்.

ஓடவில்லை. ஓர் அடி வைத்து, அது பாறையில் பதிந்த பின் அடுத்த அடி. தலை மேல் வந்து உட்கார்ந்தன, தோளில் உட்கார்ந்தன. முந்தானையின் வெளிர் நிறம் மறைந்துபோனது. "ஓடுங்கக்கா, ஓடுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஜான்சி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து அவன் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றினார். வீசிய கைகளைப் பிடித்து அவன் மார்போடு சேர்த்து அழுத்தினார். தூக்கி நிறுத்தினார். அவன் அவரை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். விடவில்லை. அதே நடையில் அவனை நடத்திக் கூட்டிவந்தார். அந்தப் பாறைக்கும் வாசலுக்கும் தூரம் அதிகமில்லை. அன்றைக்கு அது முடியவே இல்லை.

உள்ளே வந்ததும் புது மாப்பிள்ளை செருப்பால் கூட வந்த தேனீக்களை அடித்தார். பிரபுவின் உதடு வீங்கி மடிந்திருந்தது. வாந்தி எடுத்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது. நான் மேடத்துக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் சிக்னல் கிடைத்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஆனால் அந்த மலையை யார் எவ்வளவு வேகமாக ஏறிவிட முடியும்?

அக்கா தன் அடையாள அட்டையின் விளிம்பால் அவன் கழுத்திலிருந்து கொடுக்குகளை வழித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய முதுகில் வழித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. பல் கிட்டித்திருந்தது. காய்ச்சல்காரிபோல.

"வலிக்குதாக்கா?"

"வலி இல்ல கலை. பயம்." மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஓடுன்னு கத்துன இல்ல. ஓட வரல. பயம் வந்தா எனக்குக் காலு அவ்வளவுதான் வரும். சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான். எல்லாரும் நிதானம்னு சொல்லிக்கினு இருக்காங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. "லேப்ல கூடவா?"

"தெனம்" என்றார். "ஒவ்வொரு கையும்."

நான் வழிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தேன். கத்திய அந்தப் பெரிய மனிதரை நினைத்தேன். இத்தனை வருஷமாக இவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேயா விரலை வைத்து நின்றிருக்கிறார்? பிரபுவின் விசில் மூச்சு மட்டும் கேட்டது. அக்கா அவன் தலையைத் தன் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மூச்சு ஓடுகிறதா என்று அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆட்கள் கம்பளியும் கோணியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லார் மேலும் போர்த்திக் கீழே இறக்கினார்கள். பிரபுவைத் தூளி கட்டித் தூக்கினார்கள். செஞ்சியில் அவனுக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டான். அக்காவுக்குத்தான் மோசமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் பிரஷர் இறங்கியது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் கூடவே போனேன். அவருடைய கணவர் லாரியில் கேரளா போயிருந்தார். அம்மாவும் மகளும் காணையில். காணைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

சாயங்காலம் வார்டில் கூட்டம் குறைந்தபோது வாசலில் ஒரு ஆள் நின்றார். காக்கி டிரவுசர், மேலே துண்டு. கரும்புச் சோகை கீறின கைகள். முன்பு டிராக்டரில் கடந்து போனவர். உள்ளே வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார்.

அக்காவின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. "யாரு கலை?" என்றார், காலடிச் சத்தம் கேட்டு.

நான் அந்த ஆளைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க அண்ணன்" என்றேன்.

அக்காவின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

"எதுக்கும் அவசரப்படாதவ" என்றார் அண்ணன் கடைசியில். "தேனீக்குள்ள எதுக்குடி போன?"

"அவன் கத்துனான்."

"அப்பாகூடத்தான் கத்துனாரு."

நான் எழுந்து வெளியே போக நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அன்னிக்கு சாவி என் கையிலதான் இருந்திச்சி அண்ணே" என்றார். "கையில வெச்சிக்கினே தேடிக்கினு இருந்தேன். அப்பா மூஞ்சியப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. கொடியில இருந்த துணிய எடுத்து மடிச்சேன். இன்னாத்துக்கு மடிச்சேன்னு இன்னி வரைக்கும் தெரியல. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சான். அதுவும் கேட்டுச்சு. காலு வரல."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார்.

"எனக்குப் பயம் அண்ணே. அலட்சியம் இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ நின்னு கேட்டியா?"

அவர் கட்டிலை விட்டு நகர்ந்தார். திரும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரோடும் பிரெட் பாக்கெட்டோடும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "நீ வூட்டுக்குப் போம்மா. நான் இருக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு லேபில் மேடம் ஒரு சின்னக் கூட்டம் வைத்து அக்காவுக்குச் சால்வை போட்டார். அவருடைய நிதானம்தான் எல்லாரையும் காப்பாற்றியது என்று பேசினார். பிரபு கைதட்டிக்கொண்டே அழுதான். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்தபோது நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி நான் ஊர் மாறினேன். அக்கா விழுப்புரத்திலேயே ஒரு லேபில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு அந்தச் சால்வை ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய காலைதான் வருகிறது. அன்று நான் மறுபடி போயிருந்தேன். கண் பாதி திறந்திருந்தது. கால் வீக்கம் வடியாததால் செருப்பு நுழையவில்லை. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விரலை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்த நோயாளி காத்திருந்தார்.

"சீக்கிரம் காலி பண்ணுங்கம்மா. பெட்டு வேணும்" என்றார் நர்ஸ்.

அக்காவின் விரல் செருப்பு வாரில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து நர்ஸுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார். "அதுக்குப் பயம் வந்தா காலு வராது."